எல்லாரும் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்

இனிமேல் இதைப் பேசக் கூச்சப்பட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடை எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிற கூட்டம் நாம். இதை எழுத உட்கார்ந்தவள் முதல் பத்தி முடிவதற்குள் ஒருமுறை எழுந்து போய்விட்டு வந்தாயிற்று. அதனால் ஒரு நாய் ஒன்றுக்குப் போகாமல் இருந்த கதையைச் சொல்கிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் என் கூடக் கல்கத்தாவில் வளர்ந்தவர்கள். அந்த ஊர் மழை மனுஷனை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என்று சொல்லி, பாலிகஞ்சில் ரயில் பாதைக்கு அருகே ஒரு சந்தில், பழைய வீட்டின் மாடியில் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்தார். அந்தக் ‘கிடைக்கும்வரை’ நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நீண்டது. முன்பக்கம் வீட்டுக்காரருடையது. அவரை நாங்கள் மேஷோமஷாய் என்றும் அவர் மனைவியை மாஷிமா என்றும் கூப்பிடுவோம். நம் ஊர்க் கணக்கில் சித்தப்பா, சித்தி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நீள வராந்தா. சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை அடித்த மரத்தடுப்பு, நான்கைந்து பிரம்பு நாற்காலிகள். அந்த வராந்தாவின் கோடியில், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு கக்கூஸ். அதன் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே அலுமினியக் குவளையைத் தரையில் வைத்தால் வராந்தா முழுக்கக் கேட்கும்.

இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வீணாகச் சொல்லவில்லை.

அந்தப் பிரம்பு நாற்காலிகளில் காலையிலும் சாயங்காலமும் மேஷோமஷாயின் நண்பர்கள் வந்து உட்காருவார்கள். தேநீர், ஆளுக்கொரு தாளாகப் பிரித்த செய்தித்தாள், ஓயாத அரசியல். அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் அவர்களைத் தாண்டித் தட்தட்டென்று போவோம், வருவோம். அம்மா போகமாட்டாள். அடுப்படிக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். பேச்சு ஓய்கிறதா, யாராவது செருப்பைத் தேடுகிறார்களா என்று காது கொடுப்பாள். எங்களுக்கு அது அம்மாவின் குணம் என்றுதான் தோன்றியது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, அம்மாவுக்கு வராந்தா ஆகாது. அவ்வளவுதான்.

மணி எங்களிடம் வந்தது, நான் சொல்ல வந்த மழைக்கு முந்தைய குளிர்காலத்தில். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஸ்பிட்ஸ் குட்டி. வெள்ளை வெளேரென்று, வால் முதுகின் மேல் சுருண்டு கிடக்கும். நாங்கள் மணி என்போம், மாஷிமா மோனி என்பாள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பான். நாங்கள் சைவம், அதனால் அவனும் சைவம். எனாமல் தட்டில் தயிர்சோறு. மாஷிமா எங்களுக்குத் தெரியாமல் மீன்தலை போடுவதும், அன்றைக்கு அவன் வாயில் மீன் நாற்றம் வீச அம்மா தலையில் அடித்துக்கொள்வதும் தனிக்கதை.

நாய் வளர்க்க மேஷோமஷாய் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். வீட்டுக்குள் ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் நாய் போய்விட வேண்டும். மாடிப்படிக்கு மேலே மாஷிமாவின் பூஜையறையும் துளசிச் செடியும் இருந்தன. நியாயமான நிபந்தனைதான்.

குட்டிக்கு நிபந்தனை என்ன தெரியும்? வந்த வாரத்திலேயே, மாஷிமா பூத்தட்டோடு ஏறுகிற படிக்கட்டின் அடியில் போய்விட்டான். மேஷோமஷாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவே அப்பாவுக்குப் போதும். பிறத்தியான் வீட்டில் இருக்கிறோம் என்கிற நடுக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டினார். மணியின் மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்த்தார், முதுகில் ரெண்டு வைத்தார். அந்தக் காலத்தில் நாயைப் பழக்குவது என்றால் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்றும் கொஞ்சம் சத்தமாகவே அடித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கிடையாது. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ரயில் பாதையோரம் இருந்த காலி மனையில் காலையும் மாலையும் சங்கிலியோடு கூட்டிக்கொண்டு போவார். சங்கிலி கையில் இருக்கும்வரை மணி சும்மா நிற்பான். அவிழ்த்துவிட்டால் எருக்கஞ்செடி மறைவுக்கு ஓடி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் காலைத் தூக்குவான். ‘பயலுக்கு என்ன இங்கிதம்! மனுசன்கூட இந்த ஊருல சுவரைப் பாத்து நிக்கான், இவன் மறைவு தேடுதான்’ என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மேஷோமஷாயின் நண்பர்கள் தலையை ஆட்டினார்கள். தமிழர்கள் வீட்டு நாய்க்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு என்றார் ஒருவர். அந்தப் பாராட்டை அப்பா ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டார்.

பிறகு மழை வந்தது.

எந்த மழை என்று கேட்காதீர்கள். நம் எல்லோருக்குள்ளும் ஒரு கல்கத்தா மழை தேங்கி நிற்கிறது, வடிகிற வழியாக இல்லை. அந்த முறை இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் சந்தே இல்லை. காப்பி நிறத்தில் தண்ணீர், அதன் மேல் யாரோ ஒருவருடைய இடது கால் செருப்பு, வாழைத்தண்டு, மண்ணெண்ணெய்ப் படலம். கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள் கட்டில் சட்டம், டிரங்குப்பெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் வராந்தாவில் வந்து குடியேறினார்கள். ஆண்கள்தான் அதிகம். மேஷோமஷாய் எல்லோருக்கும் கிச்சடி ஆக்கச் சொன்னார். பிரம்பு நாற்காலிகள் போதாமல் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். எனக்கும் அக்காவுக்கும் திருவிழாதான். பள்ளிக்கூடம் இல்லை, பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

மணியைக் கீழே கூட்டிக்கொண்டு போனார் அப்பா. கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. மணி தண்ணீரை மோந்து பார்த்தான், பின்வாங்கினான். அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு டிராம் பாதை வரைக்கும் நடந்தார். மேடாக இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே இறக்கிவிட்டால், ஊர் ஜனமெல்லாம் அதே மேட்டில் நின்றுகொண்டு தண்ணீரை வேடிக்கை பார்க்கிறது. மணி அத்தனை முகத்தையும் பார்த்தான். வாலைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்பா நனைந்த கோழியாகத் திரும்பி வந்தார். ‘சாயங்காலம் போவான்’ என்றார். சாயங்காலமும் அதே கதை. அதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் மணி நடக்க ஆரம்பித்தான். எங்கள் அறையில் ஆரம்பித்து, அடுப்படி வாசல், வராந்தா, மறுபடி எங்கள் அறை. நகம் சிமெண்டுத் தரையில் டக் டக் டக்கென்று. உட்காருவான், உடனே எழுந்துவிடுவான். மாஷிமா மீன்தலையைப் பகிரங்கமாகவே வைத்தாள், தொடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடிவயிறு தொட்டால் கல் மாதிரி இருந்தது. தொட்ட அக்காவைப் பார்த்து உறுமினான். அவன் உறுமி நாங்கள் பார்த்ததே இல்லை. அக்கா அழ ஆரம்பித்தாள், நானும் ஆரம்பித்தேன். அந்த டக் டக் சத்தம் வீட்டில் ஒருவரையும் ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. சீட்டு ஆடுகிறவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். அப்பா ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்தார், தண்ணீர் ஒரு படி இறங்கியிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். அது இறங்குவேனா என்றது. அம்மாவும் அன்றைக்கு நிலைகொள்ளாமல்தான் இருந்தாள். அடுப்படிக்கும் கதவுக்கும் நடந்தாள், பாலைப் பொங்கவிட்டாள், காரணமில்லாமல் என் முதுகில் ஒன்று வைத்தாள். நாயை நினைத்துத்தான் என்று நினைத்தோம். வேறு என்ன நினைப்போம்?

மேஷோமஷாய் கறுப்புத் தொலைபேசியில் வெகுநேரம் சுழற்றி, அலிப்பூர்ப் பக்கம் இருந்த ஒரு நாய் டாக்டரைப் பிடித்தார். அவரால் வர முடியாது, அங்கேயும் தண்ணீர். ஆனால் நிறையக் கேள்வி கேட்டார். மேஷோமஷாய் ரிசீவரில் கேட்டதை உரக்கச் சொல்ல, அப்பா பதில் சொன்னார். வராந்தா மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவான்? மூணு நாலு தடவை. நிறம்? வெளிர் மஞ்சள், எலுமிச்சைச் சாறு மாதிரி. எப்போதாவது கறுத்தோ சிவந்தோ போனதுண்டா? இல்லவே இல்லை. வெளிக்கு இறுகலா, இளகலா? கெட்டி, மீன் தின்ற அன்றைக்கு மட்டும் இளகல் என்று அப்பா சொல்ல, மாஷிமா கூரையைப் பார்த்தாள். கடைசியாக ஒரு கேள்வி. முக்கி முக்கிப் பார்த்து வராமல் இருக்கிறதா, இல்லை, முயற்சியே பண்ணவில்லையா? முயற்சியே பண்ணவில்லை.

அப்படியென்றால் கல் அடைப்பாக இருக்காது, அவனாகவே அடக்குகிறான் என்றார் டாக்டர். வளர்ந்த நாய் ஒரு பகல் அடக்கும், ஒரு இரவு அடக்கும், இத்தனை நேரம் அடக்கினால் விஷம் ரத்தத்தில் ஏறும். பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும். இல்லாவிட்டால் படகு பிடித்தாவது கொண்டு வாருங்கள், குழாய் விட்டு எடுக்க வேண்டும், பிழைப்பது அப்புறம் அவன் அதிர்ஷ்டம்.

ரிசீவரை வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேஷோமஷாய்தான் முதலில் இறங்கி வந்தார். நிபந்தனை கிடக்கட்டும், வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றார். சொன்னால் மணிக்குப் புரியவா போகிறது? மாஷிமா அதற்கு ஒரு படி மேலே போனாள். மொட்டைமாடிக்குக் கொண்டு போங்கள், துளசிக்குப் பக்கத்தில் மண் இருக்கிறது, நான் சாமியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவள் பூஜையறைக்குள் நாங்கள்கூடக் குளிக்காமல் எட்டிப் பார்த்ததில்லை.

மழை தூறலாக விட்டிருந்தது. வீடே மாடி ஏறியது. அப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முன்னால். மேஷோமஷாய் தலைக்குச் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு. மாஷிமா, அக்கா, நான், கீழ்த்தளத்து ஆட்கள் ஒருவர் பாக்கியில்லை. மணியை நடுவில் நிறுத்தி, வட்டமாகச் சுற்றி நின்றோம். கூத்துதான் போங்கள். ஒருவர் ‘ஷ்ஷ்ஷ்’ என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒருவர் குவளையில் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றிக் காட்டினார். துளசித் தொட்டியிலிருந்து மண்ணை அள்ளி அவன் முன்னால் போட்டார் இன்னொருவர். அப்பா குனிந்து, ‘போடா ராசா, போ, போயிருடா’ என்று கெஞ்சினார். மணி தரையோடு தரையாக ஒடுங்கி, மேஷோமஷாய் கையிலிருந்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டு நடுங்கினான்.

அப்போதுதான் அம்மா வந்தாள். எல்லோரும் ஏறி நேரம் கழித்து வந்தாள். பாதம் நனைந்திருந்தது, சேலையின் கீழ்க்கரையும் நனைந்திருந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி. வராந்தா காலியாக இருந்தது அல்லவா, அந்த இரண்டு நாளில் முதல்முறையாக. அந்தக் கணக்கை நான் பத்து வயதில் போடவில்லை. அம்மாவின் ஈரக் கால் தடம் மொட்டைமாடி வாசலில் பதிந்ததை மட்டும் பார்த்தேன்.

அம்மா ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. வட்டத்தைப் பார்த்தாள், நடுவில் கிடந்த மணியைப் பார்த்தாள்.

“இத்தன பேரு குறுகுறுன்னு பாத்துக்கிட்டு நின்னா அது எப்படிப் போவும்?” என்றாள்.

“நாய்க்கு என்னத்த வெக்கம்?” என்றார் அப்பா. ஊரெல்லாம் இங்கிதம் இங்கிதம் என்று சொன்ன அதே அப்பா.

“வெக்கம் இல்லங்க, பயம். வீட்டுக்குள்ள போனதுக்கு அடிச்சோம்னு நீங்க நெனச்சீங்க. போவும்போது பாத்துட்டா அடிப்பாங்கன்னு அது நெனச்சிருக்கு. மறைவு தேடி ஓடுனது எதுக்குன்னீங்க? எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக் கீழ போங்க.”

அதையே வங்காளத்தில் மேஷோமஷாயைப் பார்த்தும் சொன்னாள். அவரிடம் அம்மா நேராகப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. அவர் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் படியிறங்கினார். பின்னாலேயே எல்லோரும். அம்மா மணியின் கழுத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்தாள். ஆசாரம் பார்த்து நாயைத் தொடாதவள். அவிழ்த்துவிட்டுப் படிக்கட்டு வாசலுக்கு வந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் மட்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒன்றுமில்லை. தூறல் சத்தம். தூரத்தில் ரயில். அப்புறம் நகச் சத்தம், தயங்கித் தயங்கி, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போனது. பிறகு அந்தச் சத்தம். என்ன ஒரு சத்தம்! விட்ட மழை மறுபடி பிடித்துக்கொண்டதோ என்று நான் வானத்தைப் பார்த்தேன். நிற்கவே இல்லை. கீழே படிக்கட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்துக் கை தட்டியது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அம்மா என் கன்னத்தைப் பிடித்து முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“பாக்காத ஏட்டி. நிம்மதியாப் போவட்டும்.”

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், அழுகிறாள். நாய் பிழைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அன்று சாயங்காலம் மாஷிமா எல்லோருக்கும் வெங்காயப் பகோடா போட்டாள். மேஷோமஷாய் அலிப்பூர் டாக்டரைக் கூப்பிட்டுத் தகவல் சொன்னார். அதற்கப்புறம் மணிக்கு மொட்டைமாடியில் நிரந்தர இடம் கிடைத்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு தகரத் தடுப்பு வைத்து. அப்பா அப்புறம் ஒருநாளும் நாய்க்கெதிரே செய்தித்தாளைச் சுருட்டியதில்லை. தினமும் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்புமுன் ‘மணி போனானா?’ என்று கேட்பார். போனான் என்றால்தான் காலில் பூட்ஸ் ஏறும். நிறம் சரியா என்று அக்காவிடம் கேட்பார். மணி பதினாலு வயது வரை இருந்து, கிழவனாகி, தூக்கத்தில் செத்தான். நல்ல வாழ்வு.

தண்ணீர் வடிந்தது. பிரம்பு நாற்காலிகளில் பழையபடி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா பழையபடி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நாய்க்கு ஒரு தகரத் தடுப்பு வைக்கத் தெரிந்த வீட்டில், வராந்தாக் கோடியில் ஒரு தடுப்பு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அம்மாவுக்கு அடிக்கடி குளிர் காய்ச்சல் வரும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். கல்கத்தாத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் அப்பா. தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். பார்லி வைத்துக் கொடுத்தோம். நிறையக் குடிக்கச் சொல்லி எல்லோருமாக மிரட்டினோம். அவள் தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஜன்னலில் வைத்துவிடுவாள். குடித்தால் போக வேண்டும். இதைச் சொல்லவும் கூச்சம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓய்வு பெற்றும் கல்கத்தாவை விட்டு நகரவில்லை. சொந்தமாக ஒரு பிளாட், உள்ளேயே இரண்டு பாத்ரூம். அந்த வீட்டில்தான் அம்மாவுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தோம். ஒரு கிட்னி சுருங்கிப்போயிருந்தது. இளவயதுப் பெண் டாக்டர் ஒருத்தி கட்டில் பக்கத்தில் நின்று, அப்பாவிடம் விவரம் கேட்டாள். எத்தனை தடவை போவார்கள்? நிறம் எப்படி? எரிச்சல் எப்போதிலிருந்து? அடக்கிவைக்கிற பழக்கம் உண்டா?

அப்பா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மணிக்கு எலுமிச்சைச் சாறு நிறம் என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்ன மனுஷனுக்கு ஒரு பதிலும் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும், நர்ஸும், டாக்டரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தோம். அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அந்தக் கண்ணை நான் முன்பு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. மொட்டைமாடியில், வட்டத்துக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்த மணியிடம்.

“நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய போங்க,” என்றாள் அம்மா. “நான் டாக்டரம்மாட்ட சொல்லிக்கிடுதேன்.”

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா கடைசியாக வந்தார். வந்தவர் எங்களோடு பெஞ்சில் உட்காரவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வார்டுபாய் ஒருவன் தள்ளுவண்டியோடு உள்ளே போகப் பார்த்தான். அப்பா கையை நீட்டித் தடுத்தார். கொஞ்சம் பொறுப்பா, உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.